முதல் பெண் மின்பொறியாளர் லலிதா

நமது புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், மகாராஜா கல்லூரியில் ஆண்களிடையே தனியொரு மாணவியாகப் பயின்றதை நாம் அறிவோம். பிற்காலத்தில் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் அத்தகைய தடையைத் தாண்டியவர் அ. லலிதா அம்மையார்.

1919 ஆகஸ்டு 27-ஆம் நாள் சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில், ஏழு மக்களுள் ஐந்தாவதாகப் பிறந்தார். அந்நாளைய வழக்கப்படி 15 வயதில் திருமணம். 1937-இல் பெண் குழந்தை பிறந்தது. நான்கு மாதங்களில் கணவர் காலமானார். 18 வயதில் கைம்பெண், கையில் பச்சிளங்குழந்தை. அக்காலத்தில் அத்தகைய பெண்ணுக்கு வீட்டின் மூலையே உலகம்.

தந்தையார் பப்பு சுப்பாராவ் கிண்டியில் மின்பொறியியல் பேராசிரியர். மகளை மூலையில் உட்கார வைக்க அவர் மனம் ஒப்பவில்லை. லலிதா இராணி மேரி கல்லூரியில் இன்டர்மீடியட் முதல் வகுப்பில் தேறினார். மருத்துவம் படித்தால் இரவில் குழந்தையை விட்டு ஓடவேண்டி வருமே என்று எண்ணிப் பொறியியலைத் தேர்ந்தார். தாயுள்ளம் எப்படியெல்லாம் கணக்குப் போடுகிறது! முதல்வர் சாக்கோவும் கல்வித்துறை இயக்குநர் ஸ்டாதமும் இசைய, 1940-இல் இடம் கிடைத்தது. விடுதியில் மகள் தனித்திருப்பதைக் கண்ட தந்தை, பெண்கள் சேரலாம் என விளம்பரம் செய்தார். லீலாம்மா ஜார்ஜ், திரேசியா இருவரும் கட்டடப் பொறியியலில் சேர்ந்தனர். பட்டச் சான்றிதழ்களில் ஆண்பாற் சொல்லே அச்சாகியிருந்ததால், அதை அடித்துப் பெண்பாலாகத் திருத்திக் கொடுத்தார்களாம்!

ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் பயிற்சி, சிம்லாவில் அரசுப் பணி, தந்தையாருடன் சிறிது காலம் ஆராய்ச்சி. பிறகு 1948-இல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலெக்ட்ரிகல் இன்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். மின்கம்பித் தடங்கள், துணைமின் நிலைய அமைப்பு, காப்புக் கருவிகள் ஆகியவற்றை வடிவமைப்பதே அவர் வேலை. பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிகளிலும் அவர் உழைப்பு உண்டு.

அவ்வேலை எத்தகையது? நம் மாவட்டத்தில் பேருந்தில் செல்கையில், வேலியிட்ட துணைமின் நிலையத்துள் பீங்கான் வளையங்கள் அடுக்கிய தூண்களைக் காண்கிறோம். அவற்றுட் சில வெறுந் தூண்களல்ல, கருவி மின்மாற்றிகள். 1,10,000 வோல்ட் அழுத்தமுள்ள கம்பியில் சாதாரண மீட்டரை நேரே இணைத்தால் மீட்டரும் மிஞ்சாது, அதைப் பார்ப்பவரும் மிஞ்சார். ஆகவே மின்னழுத்த மின்மாற்றி அதை ஆயிரத்தில் ஒன்றாக்கி 110 வோல்ட்டாகத் தருகிறது. மின்னோட்டத்தை அளக்க, கம்பியைச் சுற்றி ஓர் இரும்பு வளையம். அதில் 400 சுற்றுச் சுருள். கம்பியில் 400 ஆம்பியர் ஓடினால் சுருளில் 1 ஆம்பியர் ஓடும். மீட்டர் அரை ஆம்பியர் காட்டினால் கம்பியில் 200 என்று பொருள். இதே சிறு மின்னோட்டம் ரிலே என்னும் காவற்காரனுக்கும் செல்கிறது. எங்கோ கம்பி அறுந்து மின்னோட்டம் எல்லை மீறினால், ரிலே கண நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கச் செய்கிறது.

ஒன்றை மட்டும் செய்யக்கூடாது. கம்பியில் மின்சாரம் ஓடும்போது அச்சுருளின் முனைகளைத் திறந்து விடக்கூடாது. எதிர்க்கும் ஓட்டம் இன்றி வளையத்தின் காந்தம் பெருகி, சுருளில் ஆளைக் கொல்லும் அழுத்தம் எழும். சுற்றைத் திறந்தால் ஆபத்து நீங்கும் என நினைக்கும் நமக்கு இது வியப்பே. கருவியைக் கழற்றுமுன் முனைகளை ஒன்றாக இணைத்துவிடுவார்கள்.

1964-இல் நியூயார்க்கில் கூடிய முதல் உலகப் பெண் பொறியாளர், விஞ்ஞானியர் மாநாட்டுக்கு லலிதா அம்மையார் சென்று வந்தார். 1966-இல் இலண்டன் மின்பொறியாளர் கழகம் அவரை முழு உறுப்பினராக்கியது. மறுமணம் செய்துகொள்ளவில்லை. வேலைக்குச் செல்லும் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர் கல்கத்தாவில் இருந்த அண்ணியார். 1977-இல் ஓய்வு பெற்ற அம்மையார், 1979 அக்டோபர் 12-ஆம் நாள் தமது 60-ஆம் வயதில் காலமானார்.