ஜேம்ஸ் பாரிஸ் லீ

மன்னர், புலவர், அருட்டொண்டர் ஆகியோர் வாழ்க்கையே வரலாறாக எழுதத் தகுவது என்று கருதுவோர் பலர். பட்டறையில் எண்ணெய்க் கறை படிந்த கையோடு உழைத்த கம்மியர்க்கும் வரலாறு உண்டு. அவருட் சிலர் செய்த சிறு பொருள், பேரரசர் இயற்றிய சட்டங்களினும் நெடுங்காலம் நிலைத்து, அவர் கண்டறியாத நாடுகளில் நன்மையும் தீமையும் விளைத்துள்ளது. அத்தகையோருள் ஒருவர் ஜேம்ஸ் பாரிஸ் லீ. நம் நாட்டுக் காவலரும், தேசிய மாணவர் படையிற் பயின்றோரும் 'திரீ நாட் திரீ' என வழங்கிய துப்பாக்கியை அறியாதார் சிலரே. அதன் பொறியை வகுத்தவர் இன்னார் என்று அறிந்தாரும் சிலரே. அவர் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்க வரைவோம்.

ஸ்காட்லாந்தின் தென்னெல்லையை அடுத்த ஹாயிக் என்னும் ஊரிலே, 1831-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 9-ஆம் நாள் லீ பிறந்தார். தந்தையார் ஜார்ஜ் லீ கடிகாரத் தொழிலாளர். மகன் சிறு பிள்ளையாயிருந்தபொழுதே குடும்பத்தார் அட்லாண்டிக் மாகடலைக் கடந்து கனடா நாட்டிலே கால்ட் என்னும் ஊரிற் குடியேறினர். அவ்வூர் இன்று ஒன்டாரியோ மாகாணத்துக் கேம்பிரிட்ஜ் நகரின் ஒரு பகுதியாக உள்ளது. அக்காலத்தே அது காடு திருத்தி அமைக்கப்பட்ட சிற்றூர். ஆங்குக் குடியேறிய மக்களுக்குத் துப்பாக்கி போர்க்கருவி அன்று. உணவு தேடவும், பயிரையும் ஆடுமாடுகளையும் காக்கவும் வேண்டிய வீட்டுக் கருவியே.

சிறுவர் லீ தந்தையின் கடையிலே தொழில் பயின்றார். மெல்லிய எஃகுச் சுருளை முறுக்கிவைத்தால் அது தன் வலியைச் சிறிது சிறிதாக வெளிவிட்டுச் சக்கரங்களை ஓட்டும் என்பதும், மயிரிழை பிசகினும் பொறி முழுதும் நின்றுவிடும் என்பதும் அவர் இளமையிற் கற்ற பாடங்கள். பன்னிரண்டாம் வயதிலேயே பழைய குதிரைவீரர் கைத்துப்பாக்கி ஒன்றை அடிப்படையாகக்கொண்டு, தம் கையாலேயே கட்டை செதுக்கிப் பொருத்தித் துப்பாக்கி ஒன்று செய்தார் என்பர். அது செவ்வையாகச் சுடவில்லை. ஆயினும் அவ்வார்வம் தணிந்திலது. காளைப் பருவத்தில் சாத்தம் என்னும் ஊரிலே தனியாகக் கடிகாரக் கடை வைத்தார். கரோலின் கிறைஸ்லர் என்னும் நங்கையை மணந்தார். பின்னர் ஐக்கிய அமெரிக்க நாட்டின் விஸ்கான்சின் மாகாணத்திற் குடிபுகுந்தார்.

அக்காலத்துப் படைத்துப்பாக்கியின் இயல்பை இங்கே கூறுதல் வேண்டும். குழலின் வாய்வழியே மருந்தைப் பெய்து, குண்டை இட்டு, நீண்ட கோலால் இடித்து, பின்னரே சுடுதல் இயலும். தேர்ந்த வீரனும் ஒரு நிமிடத்தில் மும்முறைக்குமேற் சுடுதல் அரிது. 1857-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சிப்பாய்கள் கொழுப்புத் தடவிய தோட்டாவை வெறுத்துக் கிளர்ந்தனரே, அந்த என்பீல்டுத் துப்பாக்கியும் இவ்வகையினதே. என்பீல்டு என்பது இங்கிலாந்திலே அரசினர் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்த ஊரின் பெயர். ஆதலின் பின்னர் லீயின் பெயரோடு சேர்ந்து வழங்கிய துப்பாக்கியையும் இதனையும் ஒன்றென மயங்குதல் கூடாது.

1861-ஆம் ஆண்டில் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. வாய்வழி மருந்திடும் பழைய துப்பாக்கியைப் பின்புறமாகத் தோட்டா இடும் துப்பாக்கியாக மாற்றும் முறை ஒன்றை லீ வகுத்து, 1862-இல் அதற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். புதிது செய்வதினும் உள்ளதனை மாற்றித் திருத்துவதிலேயே அவர் கருத்து முதலிற் சென்றது என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். பின்னர் மில்வாக்கி நகரத்திலே நிறுவனம் ஒன்று தொடங்கி, 1,000 குறுந்துப்பாக்கிகள் செய்துதர அரசினரோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். குழலின் விட்ட அளவுபற்றி இரு திறத்தார்க்கும் பிணக்கு எழுந்தது. படையினர் அவற்றை ஏற்க மறுத்தனர். 1865-இல் போரும் முடிந்தது. கைப்பொருளும் காலமும் வீணாயின. பத்தாண்டு கழித்து அவர் வகுத்த வேறொரு துப்பாக்கி ஸ்பிரிங்பீல்டு படைக்கலச் சாலையிலே சிறு தொகையாகச் செய்து சோதிக்கப்பட்டது. அதுவும் படைக்கு ஏற்கப்படவில்லை.

தோல்வி இரண்டினைக் கண்ட அவர் மூன்றாவதாகக் கண்டதே அவர் பெயரை நிலைநாட்டியது. பல தோட்டாக்களை ஒருங்கே கொள்ளும் துப்பாக்கிகள் அதற்கு முன்னரும் உண்டு. அவற்றுட் பெரும்பாலன தோட்டாக்களை நீண்ட குழாயினுள் ஒன்றன்பின் ஒன்றாக வைப்பன. ஒரு தோட்டாவின் முனை அதன் முன்னுள்ள தோட்டாவின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். கூர்முனைக் குண்டாயின் அதிர்ச்சியால் வெடித்தலும் கூடும். தோட்டா செலவாகுந்தோறும் துப்பாக்கியின் நிறை ஒருபுறம் சாயும். குழாய் ஒழிந்தபின் அதனை நிரப்பவோ நெடும்பொழுது வேண்டும்.

லீ தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். மெல்லிய தகட்டாற் செய்த சிறு பெட்டி, அதன் அடியிலே மடித்துவைத்த எஃகு வில், வில்லின்மேல் ஒரு தட்டு, தட்டின்மேல் தோட்டாக்கள். இப்பெட்டி விசைக்கு முன்னே, கட்டையின் அடிப்புறத்துத் துளையிற் செருகி நிற்கும். மேலே, கதவின் தாழ்ப்பாளைப்போல முன்னும் பின்னும் ஓடுவது போல்ட் என்னும் தாழ். அதனைப் பின்னே இழுத்தால் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே விழும். வில் அடுத்த தோட்டாவை மேலே உந்தும். தாழை முன்னே தள்ளினால் அத்தோட்டா குழலினுட் புகும். கடிகாரக் கடையிலே பயின்ற வில்லின் வித்தை இங்கே பயன்பட்டது என்று யாம் எண்ணுகின்றோம். இவை எல்லாவற்றினும் சிறந்தது, பெட்டியைக் கையால் ஒரு நொடியிற் கழற்றலாம், மாட்டலாம் என்பதே. வீரன் நிரப்பிய பெட்டிகள் சிலவற்றை இடைக்கச்சையில் வைத்துக்கொண்டு, ஒன்று ஒழிந்தவுடன் மற்றொன்றை மாட்டுவான் என்பது லீயின் நோக்கம். 1879-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 4-ஆம் நாள் இதற்கு அமெரிக்க உரிமைப் பட்டயம் கிடைத்தது.

இப்பெட்டிக்கு ஆங்கிலத்தில் மாகஸின் என்று பெயர். பண்டசாலை என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது அச்சொல். நம் கல்லூரி ஆண்டு வெளியீட்டுக்கும் ஆங்கிலத்தில் அதுவே பெயர் என்பதை நண்பர்கள் அறிவர். இரண்டும் பலவற்றைச் சேமித்து வைப்பனவே. ஒன்று கருத்தை, மற்றொன்று கந்தகத்தை.

நற்பொறி கண்டும் நல்லூழ் உடனே வந்திலது. அமெரிக்கக் கடற்படை இவ்வகைத் துப்பாக்கி 300 வேண்டும் என்றது. அவற்றைச் செய்ய முற்பட்ட ஷார்ப்ஸ் நிறுவனம் வேலை முடியுமுன்னரே நொடித்துக் கதவடைத்தது. ரெமிங்டன் நிறுவனத்தார் அவ்வேலையை ஏற்று முடித்தனர். 1886-இல் அவர்களும் கடன்பட்டு வீழ்ந்தனர். ஆயினும் கடலுக்கு அப்பால் ஆங்கில அரசினர் பல துப்பாக்கிகளை ஆண்டுக்கணக்காகச் சோதித்து, இறுதியில் லீயின் தாழையும் பெட்டியையும் தெரிந்துகொண்டனர். குழலின் உட்புறத்துப் புரியை வகுத்தவர் வில்லியம் எல்லிஸ் மெட்போர்டு. 1888-ஆம் ஆண்டு டிசம்பரில் ஏற்கப்பட்ட அத்துப்பாக்கிக்கு இருவர் பெயரும் சேர்த்து லீ-மெட்போர்டு என்று பெயரிட்டனர். குழலின் விட்டம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 303 பங்கு. அதனாலேயே திரீ நாட் திரீ என்னும் வழக்கு எழுந்தது. முதலிற் பெட்டி எட்டுத் தோட்டா கொண்டது. பின்னர் ஈரடுக்காகப் பத்துக் கொண்டது. புகையில்லா மருந்து வந்தபின் மெட்போர்டின் புரி தேய்ந்தமையால், 1895-இல் என்பீல்டிற் செய்த ஆழமான புரி அமைந்தது. அதுமுதல் லீ-என்பீல்டு என்னும் பெயர் வழங்கிற்று.

இங்கே ஒரு வியப்பைக் கூறுதல் வேண்டும். கழற்றும் பெட்டியைக் கண்டவர் லீ. அதனைக் கழற்றலாகாது என்று துப்பாக்கியோடு சிறு சங்கிலியாற் பிணைத்தனர் படைத்தலைவர். வீரன் பெட்டியைத் தொலைப்பான், தோட்டாவை வீணாக்குவான் என்று அவர்கள் அஞ்சினர். பெட்டியை மறைக்கும் தகடு ஒன்றும் அமைத்து, ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் இட்டே சுடுக, பெட்டியிலுள்ளதனை இடுக்கண் நேர்ந்தபொழுது எடுத்துக்கொள்க என்று பயிற்றினர். 1899-இல் தென்னாப்பிரிக்கப் போர் மூண்டது. போயர்கள் ஐந்து தோட்டாக்களை ஒரு தகட்டுப் பிடியிற் கோத்து, மேலிருந்து ஒரே அழுத்தில் மௌசர் துப்பாக்கியை நிரப்பியதைக் கண்ட பின்னரே ஆங்கிலேயர் விழித்தனர். புதிய குறுகிய லீ-என்பீல்டிலும் மேலிருந்து நிரப்பும் வழியையே அமைத்தனர். பெட்டி தன் இடத்திலேயே இருந்தது. துடைக்கும்பொழுது மட்டும் கழற்றப்பட்டது. தம் பொறி உலகெங்கும் பரவியதை லீ கண்டார். அதன் உயிர்நிலையான கருத்துப் பயன்படாது கிடந்ததையும் கண்டார். 1904-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 24-ஆம் நாள், கனெக்டிகட் மாகாணத்து ஷார்ட் பீச் என்னும் கடற்கரையூரிலே இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர் மறைந்த பின்னரும் அவர் கைவேலை நடந்துகொண்டே இருந்தது. 1914-இல் பிரான்சிலே ஆங்கில வீரர் நிமிடத்திற்குப் பதினைந்து முறை குறிபார்த்துச் சுடுமாறு பயின்றிருந்தது இத்துப்பாக்கியாலே. வங்கத்து ஈஷாப்பூர்த் தொழிற்சாலையிலும் இது பல்லாண்டு செய்யப்பட்டது. 1919-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 13-ஆம் நாள், அமிர்தசரசின் ஜாலியன் வாலாபாக்கிலே கூடியிருந்த படைக்கலமற்ற மக்கள்மேல் ஐம்பது வீரர் சுட்டதும் இத்துப்பாக்கியாலேதான். அன்று செலவான தோட்டாக்கள் 1,650. ஆளுக்கு முப்பத்துமூன்று, பத்துக் கொள்ளும் ஒவ்வொரு பெட்டியும் மும்முறைக்கு மேல் வெறுமையாயிற்று. ஏறத்தாழப் பத்து நிமிடத்தில் அது முடிந்தது. மாண்டோர் 379 பேர் என்று அரசினரே கணக்கிட்டனர். உண்மைத் தொகை அதனினும் மிகுதி என்பர் நம்மவர். விரைந்து நிரப்புதல் எத்துணைத் தீமை செய்யவல்லது என்பதற்கு வேறு சான்று வேண்டா. இப்பழி சுடச் சொன்னவனைச் சாரும். பதினைந்து ஆண்டுக்கு முன்னரே மறைந்த கம்மியரைச் சாராது. எனினும், கருவியைச் செய்பவன் அதன் பயனை எண்ணாதிருத்தல் தகுமோ என்னும் வினா நம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

இவ்வினாவுக்கு ஒருவகையான மறுமொழி வேட்டுவரிடமிருந்து வந்தது என்று யாம் கருதுகின்றோம். 1945-இல் போர் முடிந்தபின் மிகுந்துகிடந்த லீ-என்பீல்டுகள் கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் மலிவாக விற்கப்பட்டன; மரக்கட்டையைக் குறைத்து வேட்டைத் துப்பாக்கியாக மாற்றினர். ஈஷாப்பூரிலேயே லீயின் தாழமைப்பைக்கொண்டு .315 அளவுள்ள வேட்டைத் துப்பாக்கியும் செய்யப்பட்டது. மற்ற வேட்டைத் துப்பாக்கிகளுட் பல மௌசரைப் பின்பற்றியவை. அவற்றின் தோட்டா அறை கட்டையினுள்ளேயே நிலைபெற்றிருக்கும். அடியிலே திறக்கும் தகடு இல்லாத வகையாயின், மிஞ்சிய தோட்டாக்களை வெளியேற்றத் தாழை மீண்டும் மீண்டும் இயக்கி, உயிருள்ள ஒவ்வொரு தோட்டாவையும் மேல்வழியே எடுத்தல் வேண்டும். குளிரால் விறைத்த கையோடு, மாலை மங்கிய ஒளியில், வேலியருகே அதனைச் செய்வது இடர் மிக்கது. ஆதலின் அடிப்புறத்து இரும்பை நீக்கிவிட்டு, கழற்றும் பெட்டி பொருந்தும் புதிய இரும்பை இட்டு, கட்டையையும் அதற்கேற்பச் செதுக்கி மாற்றும் வழக்கம் மேனாடுகளிற் பரவிற்று. வேலி தாண்டுமுன், வண்டி ஏறுமுன், வீடு புகுமுன் பெட்டியைக் கழற்றிவிடலாம். ஆயினும் குழலினுள் ஒரு தோட்டா தங்கியிருத்தல் கூடும்; தாழைத் திறந்து அதனையும் நீக்கிக் கண்ணாற் பார்த்த பின்னரே துப்பாக்கி வெறுமையாயிற்று என்று கொள்ளல் வேண்டும். இதனை மறந்து உயிரிழந்தோர் பலர். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டை நின்றமையின், இவை நமக்குக் கேள்விச் செய்திகளே.

லீ வளர்ந்த கனடாவின் வடபுலத்திலே, பனிவெளிக் காவலரான ரேஞ்சர் படையினர் 1947 முதல் எழுபது ஆண்டு அவர் துப்பாக்கியையே தாங்கினர். வெண்கரடியிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ளவும் அதுவே துணை. 2018-ஆம் ஆண்டு முதல் அவர்களுக்குப் புதிய துப்பாக்கி வழங்கப்பட்டது. அதுவும் தாழ் உடையது, அதன் பெட்டியும் பத்துத் தோட்டா கொள்வது, கையாற் கழற்றத்தக்கது.

லீ செய்த பெட்டிக்கு இரண்டு தொழில் உண்டு: நிரப்புதல் ஒன்று, வெறுமையாக்குதல் மற்றொன்று. போர்க்களம் முதலாவதனையே விரும்பியது. உயிரின் அருமை உணர்ந்த வேட்டுவனோ இரண்டாவதனைப் போற்றினான். நாம் கற்கும் கல்வியும், பெறும் ஆற்றலும் இத்தகையனவே. ஆண்டவர் நமக்கு அளித்த ஆற்றலைக் கொண்டு விரைந்து செய்யக் கற்பது எளிது. செய்யாது அடங்கவும், ஏந்தியதைக் கீழே வைக்கவும் கற்பதே அரிது. கடிகாரக்காரர் மகனின் வாழ்க்கையிலிருந்து மாணவராகிய நாம் கொள்ளத்தக்கது இதுவே என அமைகின்றோம்.