கிணறு காத்த ஹாங்கின்

அருப்புக்கோட்டை, திருச்சுழி எனும் வானம் பார்த்த சீமையினராகிய நமக்கு நீரின் அருமையைப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. குண்டாறு ஆண்டிற் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும். ஊருணியும் கிணறுமே ஊருக்கு உயிராயிருந்தன. உள்ள கிணறும் நஞ்சானால் மக்கள் எங்கே செல்வர்? வாந்திபேதி பரவிய காலங்களில் இந்தியக் கிராமங்கள் பலவற்றிற்கும் நேர்ந்த இடர் இதுவே. அதற்கு எளியதொரு வழி காட்டிய எர்னெஸ்ட் ஹான்பரி ஹாங்கின் என்பாரது வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1865ஆம் ஆண்டு இங்கிலாந்திற் பிறந்தார். கேம்பிரிட்ஜிற் கற்றுப் பின் பெர்லினில் காக் என்பாரிடத்தும், பாரிஸில் பாஸ்டர் என்பாரிடத்தும் சில காலம் பயின்றார். 1892இல் அரசாங்க இரசாயனப் பரிசோதகராக ஆக்ராவுக்கு வந்தார். வாந்திபேதிக் கிருமியைக் காக் கல்கத்தாவில் ஆராய்ந்து நிலைநாட்டி அப்போது எட்டாண்டுகளே ஆகியிருந்தன.

கிணறுகளைத் தூய்மை செய்ய ஹாங்கின் வற்புறுத்திய மருந்து பொட்டாசியம் பெர்மாங்கனேட். அதன் கரிய ஊதாநிறப் படிகங்களை ஒரு வாளி நீரிற் கரைத்துக் கிணற்றில் ஊற்றுவர். அவ்வுப்பு தன்பாலுள்ள பிராணவாயுவை நீரிலுள்ள அழுகற்பொருள்களுக்கு ஈந்து அவற்றைச் சிதைக்கும். வாந்திபேதிக் கிருமிகளையும் கொல்லும். ஈந்தபின் தன் நிறம் இழந்து பழுப்பாகும். ஆதலின் செந்நிறம் விரைவில் மறைந்தால் அழுக்கு எஞ்சியுள்ளது, மருந்து போதாது என்பது கருத்து. இளஞ்சிவப்பு நீங்காது நின்றால் போதிய மருந்து சேர்ந்ததென்று அறியலாம். எழுத்தறியாதாரும் கண்ணாற் காணத்தக்க இச்சான்றே இம்முறையின் பெருமை.

மக்களின் நம்பிக்கையை அவர் ஆராயாது இகழ்ந்தாரல்லர். கங்கை, யமுனை நீர்களைச் சோதித்து, அவற்றில் வாந்திபேதிக் கிருமி சில மணி நேரத்தில் மடிதலையும், காய்ச்சிய நீருக்கு அவ்வாற்றல் இன்மையையும் கண்டு 1896இல் வெளியிட்டார். பருந்தும் கழுகும் பறக்கும் வகையையும் ஆய்ந்து 1913இல் நூல் செய்தார். 1939இல் காலமானார்.

அவர் மருந்து குறையற்றதன்று. பிற கிருமிகளை அது முற்றும் அழிக்கவில்லை. பின்னர்ச் சலவைத்தூள் அதனிடத்தைப் பெற்றது. எனினும் பிராணவாயுவால் அழுக்கைச் சிதைக்கும் நெறி மறையவில்லை. சாயக் கழிவுநீரை ஓசோனாலும், இரும்புப்பு சேர்ந்த ஹைட்ரஜன் பெராக்சைடாலும் இன்று தெளிவிப்பது அந்நெறியே. தறியும் சாயமும் தொழிலாகக் கொண்ட நம் அருப்புக்கோட்டைக்கு இது அயலான செய்தியன்று. அருகிக் கிடைக்கும் நீரை அழுக்காக்காது காத்தலும், அழுக்குற்றதைத் திருத்துதலும் கற்றவர் கடனென்பதை இப்பெரியார் வாழ்வால் நாம் அறிவோமாக.