ஒழுகும் குடம்

கிறித்துவத் துறவற வரலாற்றில் எகிப்தியப் பாலைவனத் துறவியருக்குத் தனி இடம் உண்டு. அவர்களுள் ஒருவர் கறுப்பர் மோசே. பிறரைத் தீர்ப்பிடாத இவரது பண்பு, இன்றும் நம் சிந்தனைக்கு உரியது.

கி.பி. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மோசே, எத்தியோப்பிய இனத்தவர்; எகிப்தில் ஓர் அரசு அலுவலரின் அடிமை. திருட்டுக் குற்றத்திற்காக விரட்டப்பட்டு, வழிப்பறிக் கூட்டமொன்றின் தலைவரானார். ஒருநாள் இரவு தம் திட்டத்தைக் கெடுத்த நாயின் சொந்தக்காரனான ஆயனைக் கொல்ல, கத்தியை வாயில் கவ்விக்கொண்டு நைல் நதியை நீந்திக் கடந்தார். ஆயன் ஒளிந்து உயிர் தப்பினான். ஆத்திரம் தீராத மோசே நான்கு ஆட்டுக்கடாக்களைக் கொன்றுவிட்டுத் திரும்பினார்.

அத்தகையவர் பின்னாளில் மனந்திருந்தி, ஸ்கேட்டிஸ் பாலைவனத் துறவியரிடம் அடைக்கலமானார். இன்று வாடி நாட்ரூன் என்று அழைக்கப்படும் அவ்விடம், கெய்ரோவுக்கு வடமேற்கே உள்ளது. பழைய வாழ்க்கையின் நினைவுகள் அவரை எளிதில் விடவில்லை. மனம் சோர்ந்தபோதெல்லாம் குருவானவர் இசிதோர் அவரைப் பொறுமையோடு தேற்றினார். முதிய துறவியரின் குடங்களை இரவில் எடுத்துச் சென்று, தொலைவிலிருந்து நீர் நிரப்பி வைப்பதை மோசே தம் தொண்டாக ஏற்றார்.

ஒருமுறை நான்கு திருடர்கள் அவரது குடிசைக்குள் நுழைந்தனர். அவர்களைக் கட்டித் தூக்கிக்கொண்டு ஆலயத்திற்குச் சென்ற அவர், யாருக்கும் தீங்கு செய்ய இனித் தமக்கு உரிமையில்லை என்று கூறி, என்ன செய்வதெனச் சகோதரர்களைக் கேட்டார். தங்களைப் பிடித்தவர் அந்நாளைய கொள்ளைத் தலைவர் மோசே என்றறிந்த திருடர்களும் துறவறம் பூண்டனர்.

மற்றொரு முறை, தவறு செய்த ஒரு சகோதரரை விசாரிக்கத் துறவியர் கூடினர். மோசே வர மறுத்தார். ஆள் அனுப்பி வற்புறுத்தவே, ஓட்டைக் குடமொன்றில் நீர் நிரப்பிச் சுமந்து வந்தார். வழியெல்லாம் நீர் ஒழுகியது. காரணம் கேட்டவர்களுக்கு, தம் பாவங்கள் தமக்குப் பின்னால் இப்படித்தான் ஒழுகுகின்றன, அவற்றைக் காணாத தாம் இன்று இன்னொருவரின் குற்றத்தைத் தீர்க்க வந்திருப்பதாக விடையளித்தார். கூட்டத்தார் வாயடைத்துப் போயினர். அந்தச் சகோதரரை மன்னித்துவிட்டனர்.

இங்கே ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். தவறு தவறே அன்று என மோசே வாதிடவில்லை. நீதிபதியின் இருக்கையில் அமரும் தகுதி தமக்கு இல்லை என்றே உணர்த்தினார். இரக்கம் காட்டப்பட்டதால் மனிதரானவர், அதே இரக்கத்தைப் பிறருக்கு மறுக்க முடியுமா?

5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளையர் ஸ்கேட்டிஸைத் தாக்கினர். தப்பியோட வழியிருந்தும், வாளெடுத்து வாழ்ந்த தமக்கு வாளால் சாவு வருவதே முறையென மோசே அங்கேயே இருந்து உயிர் துறந்தார். எகிப்தியத் திருச்சபை அவரைப் புனிதராகப் போற்றுகிறது.

பிறர் குறையைப் பேச நாமும் சில வேளைகளில் கூட்டம் கூடுகிறோம். அப்போது நம் குடம் எங்கே ஒழுகுகிறது என்று ஒருகணம் திரும்பிப் பார்ப்போமாக. பேச வந்த சொல் இரக்கமாக மாறக்கூடும்.