அலுமினியம் தந்த அறிஞர் பேயர்

பத்தாம் வகுப்பு மாணவி



ஏழையின் குடிசையிலும் இன்று அலுமினியப் பாத்திரம் உண்டு. விண்ணில் பறக்கும் விமானத்திலும் அலுமினியம் உண்டு. ஆனால் 1884ஆம் ஆண்டு வாக்கில் இவ்வுலோகம் ஏறத்தாழ வெள்ளிக்கு நிகரான விலையில் விற்றது. மண்ணில் எங்கும் நிறைந்திருந்தும் அதைப் பிரித்தெடுக்கும் எளிய வழி தெரியாததே அதற்குக் காரணம். அவ்வழியைக் காட்டியவர்களுள் ஒருவர் கார்ல் ஜோசப் பேயர். பாடப் புத்தகத்தில் 'பேயர் முறை' என்று நாம் மனப்பாடம் செய்கிறோமே, அந்தப் பேயர் இவரே. ஆஸ்பிரின் மாத்திரையில் நாம் காணும் பேயர் வேறொருவர்.

பிறப்பும் கல்வியும்

பேயர் 1847ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள், அன்றைய ஆஸ்திரியப் பேரரசைச் சேர்ந்த பீலிட்ஸ் நகரில் பிறந்தார். இன்று அந்நகர் போலந்து நாட்டில் உள்ளது. தந்தையார் கட்டடக் கலை வல்லுநர். மகனும் அத்தொழிலையே கற்க வேண்டும் என்பது அவரது விருப்பம். ஆனால் மகனின் மனமோ இரசாயனத்தை நாடியது. ஜெர்மனியிலுள்ள ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் புன்சன் என்னும் பேராசிரியரிடம் அவர் பயின்றார். நம் ஆய்வுக்கூடத்து புன்சன் அடுப்புக்குப் பெயர் தந்த பெருமகனார் அவர். 1871ஆம் ஆண்டு இன்டியம் என்னும் அரிய உலோகத்தைப் பற்றி ஆராய்ந்து பேயர் டாக்டர் பட்டம் பெற்றார். தனிம அட்டவணையில் இன்டியமும் அலுமினியமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை நாம் அறிவோம்.

சாயத் தொழிலில் பிறந்த கண்டுபிடிப்பு

சில ஆண்டுகள் ஆசிரியப் பணி செய்த பின், பேயர் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரிலுள்ள ஓர் இரசாயனத் தொழிற்சாலையில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த வேலை பாத்திரம் செய்யும் உலோகத்தைப் பற்றியதன்று. துணிக்குச் சாயமேற்றும் தொழிலுக்கு வேண்டிய அலுமினியச் சேர்மங்களைத் தயாரிப்பது. பருத்தி நூலில் பல சாயங்கள் தாமாக நிலைத்து நிற்பதில்லை. அவற்றை நிலைக்கச் செய்யும் பொருளை நிறமூன்றி என்பர். படிகாரம் அத்தகைய ஒன்று. கைத்தறிக்குப் பெயர் பெற்ற சேலத்து மக்களுக்கு இச்செய்தி புதிதாக இராது.

அந்நாளில் கரைசலிலிருந்து அலுமினியம் ஹைட்ராக்சைடைப் பிரித்தால் அது கூழ்போல் வரும். அதை வடிகட்டுவதும் கழுவுவதும் பெரும்பாடு. பேயர் 1887ஆம் ஆண்டு ஓர் உண்மையைக் கண்டார். சோடியம் அலுமினேட் கரைசலில் முன்பே உண்டான ஹைட்ராக்சைடு படிகங்கள் சிறிதைத் தூவி, இடைவிடாது கலக்கினால், கரைந்திருப்பது அவற்றின் மேல் படிந்து மணல்போல் கீழே இறங்கியது. சர்க்கரைப் பாகில் தொங்கும் நூலைப் பற்றிக் கற்கண்டு வளர்வதை இதற்கு ஒப்பிடலாம்.

1892ஆம் ஆண்டு அவர் மற்றொரு படி ஏறினார். பாக்சைட் தாதுவைப் பொடித்து, எரிசோடாக் கரைசலுடன் மூடிய கலத்தில் அழுத்தத்தில் சூடாக்கினார். அலுமினியச் சேர்மம் மட்டும் கரைந்தது. இரும்பு ஆக்சைடு கரையாமல் செந்நிறச் சேறாகத் தங்கியது. தெளிந்த கரைசலைக் குளிரவைத்து, படிக விதை தூவினால் ஹைட்ராக்சைடு வெளிவரும். அதைக் கடும் வெப்பத்தில் சுட்டால் வெண்மையான அலுமினா கிடைக்கும். மீந்த எரிசோடாவை மறுபடியும் புதிய தாதுவுக்குப் பயன்படுத்தலாம். இச்சிக்கனமே இம்முறையின் தனிச்சிறப்பு. 1886ஆம் ஆண்டு ஹால், ஹெரூல்ட் என்னும் இருவர் தனித்தனியே கண்ட மின்னாற்பகுப்பு முறையால் அலுமினாவிலிருந்து உலோகம் பிரிந்தது. இவ்விரு முறைகளும் சேர்ந்ததால் அலுமினியம் எல்லாருக்கும் எட்டும் பொருளாயிற்று.

நம் மலைகளும் பேயர் முறையும்

பேயர் 1904ஆம் ஆண்டு மறைந்தார். ஆனால் அவர் கண்ட வழி கடல் கடந்து நம் ஊருக்கும் வந்தது. மேட்டூரில் 1965ஆம் ஆண்டு மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி உற்பத்தியைத் தொடங்கியது. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட் லாரிகளில் ஏறி அங்கே சென்றது. பலருக்கு அத்தொழிற்சாலை சோறு போட்டது. 2008ஆம் ஆண்டு வாக்கில் மலைகளில் வெட்டுவதும், ஆலையில் அலுமினியம் எடுப்பதும் நின்றன. வெட்டுண்ட மலைச்சரிவும், ஆலை கழித்த செஞ்சேறும் எஞ்சின. ஒரு டன் அலுமினா எடுக்கும்போது ஏறத்தாழ அதே அளவோ அதற்கு மேலோ செஞ்சேறு சேரும். அதில் எரிசோடாவின் காரம் தங்குவதால் நிலத்துக்கும் நீருக்கும் கேடு நேரலாம்.

இதற்காக நாம் பேயரைக் குறை கூறலாமா? கூடாது என்றே எண்ணுகிறோம். எரிசோடாவை வீணாக்காமல் திரும்பப் பயன்படுத்தக் கற்றுத் தந்தவர் அவரே. அவரது முறையில் சுழன்று வரும் அதே கரைசலில் காலியம் என்னும் விலையுயர்ந்த உலோகமும் சிறிது சிறிதாகச் சேர்கிறது. இன்று உலகுக்குக் கிடைக்கும் காலியத்தில் பெரும்பகுதி அக்கரைசலிலிருந்தே பிரித்தெடுக்கப்படுகிறது. ஏறத்தாழ 30 டிகிரி செல்சியசில் அது உருகிவிடும். நம் சித்திரை வெயிலே அதற்குப் போதும்! எல்.இ.டி. விளக்குகளுக்கு அது இன்றியமையாதது. கழிவென்று நினைத்ததிலும் செல்வம் உண்டு என்பதை இது காட்டுகிறது.

முடிவுரை

தோழியரே! செஞ்சேற்றிலும் இரும்பும் டைட்டானியமும் இன்னும் சில அரிய உலோகங்களும் இருக்கின்றன. அவற்றை மலிவாகப் பிரித்தெடுத்து, மீதியையும் கேடின்றிப் பயன்படுத்தும் வழி இன்னும் பரவலாக நடைமுறைக்கு வரவில்லை. பேயர் தொடங்கிய பணியில் பாதி நமக்காகக் காத்திருக்கிறது. இரசாயனச் சமன்பாடுகளை மதிப்பெண்ணுக்காக மட்டும் படியாமல் பொருளுணர்ந்து படிப்போம். மலையடிவாரத்தில் வளர்ந்த நம்மில் ஒருத்தியே அவ்வழியைக் கண்டால், அதுவே அவ்வறிஞருக்கும் நம் மலைகளுக்கும் நாம் செலுத்தும் நன்றிக்கடன் ஆகும்.