டிஎன்ஏவை விட்ட பிறகு ரோசலிண்ட் பிராங்க்ளின் என்ன செய்தார்?

லண்டன் வில்ஸ்டன் யூதர் கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் ரோசலிண்ட் பிராங்க்ளினின் கல்லறையில் டிஎன்ஏ என்ற சொல்லே கிடையாது. வைரஸ்கள் பற்றிய அவருடைய ஆய்வு மனித குலத்துக்கு என்றும் பயன்படும் என்ற பொருளில்தான் பொறித்திருக்கிறார்கள். போட்டோ 51 கதையை மட்டும் கேட்டவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும்.

1920-ல் லண்டனில் வசதியான யூதக் குடும்பத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படிப்பு, போர்க்காலத்தில் நிலக்கரி ஆராய்ச்சி, பிறகு பாரிஸில் எக்ஸ்ரே படிகவியல். 1951-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரிக்கு வந்தார். அங்கே நடந்தது ஊரறிந்த கதை. 1952-ல் அவரும் அவருடைய மாணவரும் எடுத்த டிஎன்ஏ படம், அவருக்குத் தெரியாமலேயே வாட்சனுக்குக் காட்டப்பட்டது. 1953 மார்ச்சில் கிளம்பிவிட்டார். டிஎன்ஏ ஆய்வையும் அங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள்.

போன இடம் பிர்க்பெக் கல்லூரி. ஆய்வகம் என்றால் பழைய வீடுதான். அவருடைய அறை மாடி உச்சியில், எக்ஸ்ரே கருவி அடித்தளத்தில். அங்கே துறைத் தலைவர் ஜே.டி.பெர்னால், 1930-களிலேயே புகையிலை மொசைக் வைரஸை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தவர். அதையே பிராங்க்ளின் கையில் எடுத்தார்.

புகையிலை, தக்காளி இலைகளில் வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டுகளை உண்டாக்கும் வைரஸ் இது. நீளம் 300 நானோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டருக்குள் 3,000-க்கும் மேல் வரிசையாக வைக்கலாம். எந்த வைரஸும் அடிப்படையில் ஒரு பொட்டலம்: உள்ளே மரபணுச் செய்தி, வெளியே புரத உறை. தானாக எதையும் செய்யாது. செல்லுக்குள் புகுந்து, அந்த செல்லையே தன் நகல்களைத் தயாரிக்க வைக்கும். சரி, அந்தப் பொட்டலம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது? அதுதான் யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை.

பிராங்க்ளினின் குழு வைரஸ் குச்சிகளை ஒரே திசையில் அடுக்கி, எக்ஸ்ரே கதிரைச் செலுத்தி, பிலிமில் விழுந்த புள்ளிகளை அளந்தது. ஒரே மாதிரியான புரதத் துண்டுகள், சுமார் 2,130, சுருள் படிக்கட்டு மாதிரி அடுக்கப்பட்டிருந்தன. நடுவில் வெற்றுக் குழாய். ஆர்என்ஏ எங்கே? அந்தக் குழாயில் என்றுதானே தோன்றும்! ஆர்என்ஏ இல்லாத, வெறும் புரதக் குச்சிகளின் படத்தையும் முழு வைரஸின் படத்தையும் அவர் ஒப்பிட்டார். மையத்திலிருந்து 4 நானோமீட்டர் தள்ளி, புரதச் சுவருக்குள்ளேயே அது சுருண்டு புதைந்திருந்தது. எளிதில் சிதைந்துபோகும் ஆர்என்ஏவுக்கு இதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. அதே 1956-ல், உறையை நீக்கிய ஆர்என்ஏ மட்டுமே நோயை உண்டாக்கும் என்று வேறு ஆய்வகங்களும் காட்டின. செய்தி எது, பெட்டி எது என்பது தெளிவாயிற்று.

எதிர்ப்பும் இருந்தது. இந்தக் குச்சிகள் எல்லாம் ஒரே நீளம் என்று 1955-ல் அவர் எழுதியதை, தாவர வைரஸ் துறையின் பெரிய தலை நார்மன் பிரி ஏற்கவே இல்லை. பிராங்க்ளின் அசரவில்லை, அவர் சொன்னதே நிலைத்தது.

1956-ல் அமெரிக்கப் பயணத்தின்போது வயிறு வீங்கியது. கருப்பைப் பக்கச் சினைப்பையில் புற்றுநோய். இரண்டு அறுவை சிகிச்சைகள் ஆயின. ஆனாலும் ஆய்வகத்துக்கு வந்துகொண்டே இருந்தார். ஆரோன் க்ளுக், ஜான் பிஞ்ச், கென்னத் ஹோம்ஸ் என இளைஞர்கள் அவரோடு இருந்தார்கள். 1957-ல் அமெரிக்க நிதி கிடைத்ததும் போலியோ வைரஸைத் தொடங்கினார். குழந்தைகளை முடக்கும் வைரஸ் அது, ஆய்வகத்தில் வைத்திருப்பதே ஆபத்து. வடிவமும் வேறு: குச்சி இல்லை, உருண்டை. ஆனால் பின்னாளில் வைரஸ்களை மரபணுவை வைத்து வகைப்படுத்தியபோது, புகையிலை மொசைக், போலியோ, கொரோனா மூன்றும் ஒரே பிரிவில்தான் வந்தன. மூன்றின் ஆர்என்ஏவையும் செல் நேரடியாகப் படித்துப் புரதம் தயாரித்துவிடும்.

1958 ஏப்ரல் 16-ல் பிராங்க்ளின் இறந்தார். வயது 37. மறுநாள் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சி திறந்தது. அவர் குழு செய்த புகையிலை மொசைக் வைரஸின் பெரிய மாதிரி அங்கே நின்றது. போலியோவின் வடிவத்தை பிஞ்சும் க்ளுக்கும் 1959-ல் வெளியிட்டு, கட்டுரையை அவர் நினைவுக்குச் சமர்ப்பித்தார்கள். 1982-ல் வேதியியல் நோபல் பெற்ற க்ளுக், வைரஸ் ஆய்வுக்குத் தன்னை அழைத்து வந்தவர் பிராங்க்ளின்தான் என்று பரிசு உரையில் சொன்னார்.