ஹைதர் அலி: கடலில் கைகொடுக்காத அதிர்ஷ்டமும், அமெரிக்காவில் அவர் பெயரில் வென்ற கப்பலும்

1782 ஏப்ரல் 8. அமெரிக்காவின் டெலவேர் விரிகுடாவில் இரண்டு பாய்மரக் கப்பல்கள் மோதின. ஒன்று பிரிட்டிஷ் கடற்படையின் ‘ஜெனரல் மங்க்’. இன்னொன்று, பென்சில்வேனியாவின் கடல் வணிகத்தைக் காக்க அவசர அவசரமாகப் பீரங்கி ஏற்றப்பட்ட ஒரு சரக்குக் கப்பல். அதன் பெயர் ‘ஹைதர் அலி’. ஆமாங்க, திண்டுக்கல் கோட்டையில் இருந்த அதே மைசூர் ஹைதர் அலிதான்.

பிலடெல்பியாக்காரர்களுக்கு அவரை எப்படித் தெரியும்? அவர்கள் அப்போது பிரிட்டனிடமிருந்து விடுதலைக்குப் போராடிக்கொண்டிருந்தார்கள். உலகத்தின் மறுகோடியில் ஒருவர் அதே பிரிட்டனைப் போட்டுப் புரட்டுகிறார் என்ற செய்தி அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

கோலார் பக்கம் பூதிக்கோட்டையில் 1720 வாக்கில் பிறந்தவர் ஹைதர். எழுதப் படிக்கத் தெரியாது, ஞாபகசக்தி அபாரம். மைசூர் படையில் சேர்ந்து, 1755-ல் திண்டுக்கல் பொறுப்புக்கு வந்தார். பிரெஞ்சுக்காரர்களை வைத்துப் பீரங்கிப் பட்டறை தொடங்கியது இங்கேதான். 1761-ல் மைசூரே அவர் கைக்கு வந்தது, ராஜா பேருக்குத்தான். விருப்பாச்சியில் அடைக்கலமாக இருந்த வேலு நாச்சியாருக்கு உதவியவரும் இவரே.

1769-ல் குதிரைப்படையோடு சென்னை வாசல் வரை வந்து நின்றார். மிரண்டுபோன கம்பெனி ஒப்பந்தம் போட்டது: ஒருவரை யாராவது தாக்கினால் மற்றவர் உதவிக்கு வரவேண்டும். இரண்டே வருடத்தில் மராத்தியர் மைசூரைத் துவைத்தெடுத்தபோது கம்பெனி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் அவருக்கு ஆறவே இல்லை. 1779-ல், அவருக்கு ஆயுதம் வந்துகொண்டிருந்த பிரெஞ்சுத் துறைமுகம் மாஹேயையும் கம்பெனி பிடித்தது.

1780 ஜூலையில் பெரும்படையோடு செங்கம் கணவாய் வழியே இறங்கினார். செப்டம்பர் 10-ல் காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை நொறுங்கியது, பெய்லியே சிறைப்பட்டார். காஞ்சியில் இருந்த ஹெக்டர் மன்றோ, பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்கு ஓடினார்.

அமெரிக்காவுக்கு ஹீரோ, சரி. ஆற்காட்டுச் சீமை விவசாயிக்கு? எதிரிப் படைக்குச் சோறு கிடைக்கக் கூடாதென்று ஹைதர் ஊர் ஊராக எரித்தார். 1782-ல் சென்னையைப் பஞ்சம் பிடித்தது. இதை விட்டுவிட்டு அவர் கதையைச் சொல்வது நியாயமில்லை.

இத்தனை செய்தவருக்கும் கைக்கு அடங்காத ஒன்று இருந்தது: கடல். 1768-ல் அவருடைய கப்பற்படை அப்படியே ஆங்கிலேயர் பக்கம் போய்விட்டது. மறுபடி கட்டினார், 1780 டிசம்பரில் மங்களூரில் அட்மிரல் ஹியூஸ் அதையும் அழித்தார்.

அதைவிடக் கொடுமை 1781 பிப்ரவரியில் நடந்தது. ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் படை கடலூரில் அரிசி இல்லாமல் மாட்டிக்கொண்டது. கரையில் ஹைதர், கடலில் பிரெஞ்சுக் கப்பல்கள். இன்னும் கொஞ்ச நாள் நின்றிருந்தால் போதும். ஆனால் பிரெஞ்சுத் தளபதி டோர்வ் மொரிஷியஸுக்குக் கிளம்பிவிட்டார். கூட்டுக்குக் கடல் வழியே உணவு வந்தது. ஜூலை 1-ல் பரங்கிப்பேட்டையில் ஹைதர் தோற்றார்.

கடற்கரை முழுக்கவே ஆங்கிலேயர் கை ஓங்கிக்கொண்டிருந்தது. கீழவைப்பார், வேம்பார் வரையிலான முத்துக்குளித்துறையில் அப்போது டச்சுக்காரர்கள்தான் அதிகாரம் செலுத்தினார்கள். அவர்களோடும் பிரிட்டனுக்குப் போர் மூண்டதால், 1782-ல் தூத்துக்குடியும் ஆங்கிலேயர் வசமானது.

அதே வருடம்தான் டெலவேர் சண்டை. ‘ஹைதர் அலி’யில் 16 சிறிய பீரங்கிகள், எதிரியிடம் அதைவிடப் பெரிய பீரங்கிகள், கூடுதல் ஆட்கள். கேப்டன் ஜோஷ்வா பார்னிக்கு வயது 22. நான் சத்தமாகச் சொல்வதற்கு நேர்மாறாகத் திருப்பு என்று சுக்கான் பிடிப்பவரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார். அவர் கத்திய உத்தரவைக் கேட்டு எதிரிக் கப்பலும் திரும்பியது. அதன் முன்பாய்மரம் ‘ஹைதர் அலி’யின் கயிறுகளில் சிக்கிக்கொண்டது. அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. அமெரிக்கர் தரப்பில் 4 பேர் சாவு, பிரிட்டிஷ் தரப்பில் 20.

பிடிபட்ட ‘ஜெனரல் மங்க்’குக்கும் ஒரு பழைய கதை உண்டு. அது முதலில் அமெரிக்கக் கப்பல்தான், பெயர் ‘ஜெனரல் வாஷிங்டன்’. பிரிட்டிஷார் அதைப் பிடித்து, 17-ம் நூற்றாண்டு ஆங்கிலத் தளபதி ஒருவரின் பெயரை வைத்திருந்தார்கள். இப்போது பழைய பெயரே திரும்பியது.

டெலவேர் சண்டை நடந்த நான்காம் நாள், திரிகோணமலை அருகே பிரெஞ்சு அட்மிரல் சஃப்ரனும் ஹியூஸும் மோதி, இரண்டு பக்கமும் சேதப்பட்டுப் பிரிந்தார்கள். ஜூலையில் சஃப்ரன் கடலூருக்கு வந்து ஹைதரை நேரில் சந்தித்தார். கடலில் துணைக்கு ஒரு சரியான ஆள் கிடைத்தபோது ஹைதர் உடல் ஒத்துழைக்கவில்லை. முதுகில் ராஜபிளவை. 1782 டிசம்பர் 7-ல் சித்தூர் அருகே முகாமில் இறந்தார். மலபாரிலிருந்து திப்பு வந்து சேரும்வரை, படை கலையாமலிருக்க மரணத்தை மறைத்து வைத்தார்கள்.

மூன்று மாதம் கழித்து, ‘ஹைதர் அலி’ பிடித்த அந்த ‘வாஷிங்டன்’ கப்பல்தான் சமாதான உடன்படிக்கையின் வரைவோடு பிலடெல்பியா வந்தது. கடலூருக்கு அந்தச் செய்தி எட்டவில்லை. 1783 ஜூன் கடைசி வாரம் வரை அங்கே சண்டை நடந்துகொண்டுதான் இருந்தது.