வி. நல்லையா: ஒரு திருத்தமும் ஒரு கல்லூரியும்

பேராதனையில் தொடங்கிப் பதுளை ஊடாக மலையிறங்கி வரும் ஏ5 நெடுஞ்சாலை, செங்கலடிச் சந்தியில் மட்டக்களப்பு - திருகோணமலை வீதியுடன் இணைந்து முடிவடைகின்றது. அச்சந்திக்குத் தெற்கே ஏறாவூர், வடக்கே வந்தாறுமூலை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரதான வளாகம் வந்தாறுமூலையில் அமைந்திருப்பதை அனைவரும் அறிவர். அவ்வளாகத்தின் நல்லையா மண்டபத்தில் விழாக்களுக்கும் கருத்தரங்குகளுக்குமாக ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் கூடிக் கலைகின்றனர். அந்தப் பெயருக்குரியவர் யார், அவர் இம்மண்ணுக்கு என்ன செய்தார் என்பது அவர்களுள் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது ஐயத்திற்குரியதே. கட்டடத்தின் பெயராக எஞ்சிவிட்ட மனிதர்கள் நம்மிடையே பலர் உளர்.

வி. நல்லையா 1909 ஆம் ஆண்டு பிறந்தவர். ஆசிரியப் பணியிலிருந்து அரசியலுக்கு வந்தவர். அக்காலத்து அரசியல்வாதிகளுள் பெரும்பாலோர் வழக்கறிஞர்களாகவோ பெரும் நிலவுடைமையாளர்களாகவோ இருந்தனர் என்பதை மனத்திற்கொண்டால், ஆசிரியர் ஒருவரை மட்டக்களப்பு மக்கள் தெரிந்தெடுத்ததன் பொருள் விளங்கும். 1943 ஆம் ஆண்டு நடைபெற்ற இடைத்தேர்தலில் திருகோணமலை - மட்டக்களப்புத் தொகுதியின் உறுப்பினராக அவர் அரசாங்க சபைக்குச் சென்றார். டொனமூர் அரசியலமைப்பின்படி 1931 இல் உருவான சபை அது. சர்வசன வாக்குரிமை கிடைத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே கடந்திருந்தன. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. போர் முடிந்ததும் இலங்கைக்குச் சுயாட்சி கிடைக்கும் என்பது ஏறத்தாழ உறுதியாகிவிட்ட நிலையில், வரப்போகும் நாட்டின் ஆட்சி எந்த மொழியில் நடைபெறும் என்ற கேள்வி எழுந்திருந்தது.

அக்கேள்வியின் நியாயத்தை எவரும் மறுக்க முடியாது. நாட்டு மக்களில் பத்திலொருவருக்குக்கூட ஆங்கிலம் தெரியாது. ஆனால் நீதிமன்றத் தீர்ப்பும், காணி உறுதியும், பொலிஸ் முறைப்பாடும் ஆங்கிலத்திலேயே இருந்தன. சுதேச மொழிகளுக்கு உரிமை கோரும் குரல் தெற்கிலும் வடக்கிலும் ஒருசேர ஒலித்த காலம் அது. இந்தச் சூழ்நிலையில்தான், களனித் தொகுதியின் இளம் உறுப்பினரான ஜே.ஆர். ஜயவர்தனா, குறித்த கால எல்லைக்குள் சிங்களத்தை நாட்டின் உத்தியோகபூர்வ மொழியாக்க வேண்டும் என்னும் பிரேரணைக்கு 1943 ஜூன் மாதத்தில் அறிவித்தல் கொடுத்தார். சுதேச மொழிகள் இரண்டுக்கும் பொதுவாக இருந்த கோரிக்கை, எழுத்து வடிவம் பெற்றபோது ஒரு மொழிக்குரியதாகச் சுருங்கியிருந்தது.

பிரேரணை 1944 மே 24, 25 ஆம் திகதிகளில் விவாதத்திற்கு வந்தது. அதற்குள் ஜயவர்தனாவே தமிழையும் ஏற்கும் மனநிலைக்கு வந்திருந்தார். அதனை முறைப்படியான திருத்தமாகச் சபையின் முன் வைத்தவர் நல்லையா. சபை நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் நடைபெற்ற காலம் அது. சிங்களம் என்ற சொல்லுக்குப் பின்னால், ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டே சொற்கள் சேர்க்கப்பட்டன. சிங்களமும் தமிழும் என்றாயிற்று பிரேரணை. திருத்தத்துக்கு ஆதரவாக 29 வாக்குகளும் எதிராக 8 வாக்குகளும் கிடைத்தன. ஆதரித்தோருள் மிகப் பெரும்பான்மையினர் சிங்கள உறுப்பினர்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பிற்காலத்தில் சிங்களம் மட்டும் என்ற முழக்கத்துடன் ஆட்சியேறிய எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்காவும் அந்த நாளில் இரு மொழிகளை ஏற்பதில் தமக்கு ஆட்சேபனை இல்லை என்ற நிலையிலேயே நின்றார்.

நல்லையாவின் திருத்தத்தைத் தமிழர் நலனுக்கான முயற்சி என்று மட்டும் பார்ப்பது குறைப் பார்வையாகும். அவரது தொகுதியின் கரையோரத்தில் தமிழ்க் கிராமமும் முஸ்லிம் கிராமமும் அடுத்தடுத்து அமைந்திருந்தன. ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் காத்தான்குடியிலும் வீட்டில் பேசுவதும், சந்தையில் பேரம் பேசுவதும், பள்ளிவாசலில் பயான் கேட்பதும் தமிழில்தான். கச்சேரிக்கு மனு எழுத ஆங்கிலம் தெரிந்தவரைத் தேடி அலைந்ததில் செங்கலடி விவசாயிக்கும் ஏறாவூர் வியாபாரிக்கும் வேறுபாடு இருக்கவில்லை. தமிழ் உத்தியோகபூர்வ மொழியாவதால் நன்மை பெறுவோர் இரு சமூகத்தவரும் என்பதும், அது மறுக்கப்பட்டால் இழப்பும் இரு சமூகத்தவருக்கும் என்பதும் கிழக்கின் பிரதிநிதி ஒருவருக்கு எவரும் எடுத்துச் சொல்லத் தேவையற்ற உண்மை.

ஆயினும், அன்று நிறைவேறியது தீர்மானமேயன்றிச் சட்டமன்று. தெரிவுக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. 1946 இல் அதன் அறிக்கையும் வெளிவந்தது. அத்துடன் காரியம் நின்றது. 1945 நவம்பரில் சோல்பரித் திட்டத்தை ஏற்பது குறித்த வாக்கெடுப்பு நடைபெற்றபோது 51 பேர் ஆதரித்தனர்; மூவரே எதிர்த்தனர். டி.பி. ஜாயா உள்ளிட்ட முஸ்லிம் உறுப்பினர்களும் தமிழ் உறுப்பினர்களுள் பெரும்பாலோரும் சுதந்திரத்தை முன்னிறுத்தி அதற்கு இணங்கினர். அந்த அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு, எந்தவொரு சமூகத்துக்கோ சமயத்துக்கோ பாதகமான சட்டம் இயற்றப்படுவதைத் தடுத்தது. மொழி பற்றி அது எதுவும் கூறவில்லை. 1944 இல் 29 வாக்குகளால் கிடைத்ததை அரசியலமைப்பில் ஒரு வாசகமாக எழுதுவித்துக்கொள்ளாதது, நல்லையா ஒருவரின் தவறன்று. அக்காலத் தமிழ், முஸ்லிம் தலைமைகள் அனைத்தின் தவறு என்பதே எமது கருத்து. யாழ்ப்பாணத் தலைமை ஐம்பதுக்கு ஐம்பது என்ற கணக்கில் மூழ்கியிருந்தது. நல்லெண்ணம் நிலைக்கும் என்று மற்றையோர் நம்பினர்.

கனடாவை இங்கு நினைவுகூர்வது பொருத்தம். மட்டக்களப்பிலிருந்து சென்ற குடும்பங்கள் பல இன்று அங்கு வாழ்கின்றன. 1867 இல் அந்நாடு உருவானபோதே, கூட்டாட்சிப் பாராளுமன்றத்திலும் அதன் நீதிமன்றங்களிலும் ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய இரு மொழிகளையும் பயன்படுத்தும் உரிமை அரசியலமைப்புச் சட்டத்தின் 133 ஆம் பிரிவாக எழுதப்பட்டுவிட்டது. அதனால் பிணக்குகள் அங்கு எழாமலில்லை. ஆயினும் ஒரு தேர்தல் வெற்றியால் துடைத்தெறியக்கூடிய இடத்தில் அந்த உரிமை இருக்கவில்லை.

1947 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் புதிய கல்குடாத் தொகுதியில் ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்பாளராக நல்லையா வெற்றி பெற்றார். 1952 இலும் தொகுதி அவரையே தெரிந்தது. பின்னர் அமைச்சரவையில் தபால் துறைக்குப் பொறுப்பான அமைச்சராகவும் பணியாற்றினார். ஆட்சியுடன் இணைந்து நின்று தொகுதிக்கு வேண்டியதைப் பெறுவது என்ற வழியையே அவர் தேர்ந்தார். அந்த வழிக்குரிய விலையும் உண்டு. மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948 ஆம் ஆண்டுச் சட்டம் அதே கட்சியின் ஆட்சியில்தான் வந்தது. கல்லோயாத் திட்டம் 1949 இல் தொடங்கியதும் அதே ஆட்சியில்தான். அத்திட்டத்தின் குடியேற்றங்கள் அன்றைய மட்டக்களப்பு மாவட்டத்தின் சனத்தொகைச் சமநிலையை எவ்வாறு மாற்றின என்பதைத் தமிழரும் முஸ்லிம்களும் பின்னரே உணர்ந்தனர். அரசாங்க வரிசையில் அமர்ந்திருந்த தமிழ் பேசும் உறுப்பினர் எவரும் இக்கேள்விகளிலிருந்து விலகி நிற்க முடியாது. நல்லையாவும் அதற்கு விலக்கல்லர்.

1956 பெப்ரவரியில் களனி மாநாட்டில் ஐக்கிய தேசியக் கட்சியும் சிங்களம் மட்டும் என்ற கொள்கைக்கு மாறியது. 1944 இல் தமிழை ஏற்ற ஜயவர்தனா அக்கட்சியின் முன்னணித் தலைவர்களுள் ஒருவராகவே இருந்தார். நல்லையா தம் அரசியலை எந்த நம்பிக்கையின் மீது கட்டியிருந்தாரோ, அது ஒரு மாநாட்டுத் தீர்மானத்தில் சரிந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் கல்குடாத் தொகுதி ஏ.எச். மாக்கான் மாக்காரிடம் சென்றது. கல்முனையிலும் பொத்துவிலிலும் தமிழரசுக் கட்சியின் முஸ்லிம் வேட்பாளர்கள் வென்றனர். மொழிப் பிரச்சினையில் கிழக்கு முஸ்லிம்கள் அப்போது எந்தப் பக்கம் நின்றனர் என்பதற்கு அதுவே சான்று. அதன் பின் நல்லையா பாராளுமன்றம் செல்லவில்லை. 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் உத்தியோகபூர்வ மொழியாக்கியது. அவர் 1976 இல் காலமானார்.

அவரது அரசியல் வாழ்வின் மறுபாதி வந்தாறுமூலையில் இருக்கின்றது. அதனை விரிவாகக் கூறுவதே நியாயம்.

1940களின் தொடக்கத்தில் மட்டக்களப்பு மாவட்டத்துப் பிள்ளை ஒன்று உயர்கல்வியை நாடினால் நகரத்துக்கே செல்ல வேண்டும். மெதடிஸ்த மத்திய கல்லூரி, புனித மிக்கேல் கல்லூரி, விபுலாநந்த அடிகளின் முயற்சியால் கல்லடி உப்போடையில் எழுந்த சிவானந்த வித்தியாலயம் ஆகியவை அனைத்தும் வாவியின் கழிமுகத்தை அண்டிய நகரப் பகுதியிலேயே இருந்தன. படுவான்கரை விவசாயியின் மகன் தோணியில் வாவியைக் கடந்து, பின் வீதியில் நடந்து, நகரில் தங்க இடமும் தேடிக் கட்டணமும் செலுத்திப் படிப்பதென்பது நடைமுறையில் இயலாத காரியம். ஏறாவூர், ஓட்டமாவடி முஸ்லிம் பிள்ளைகளின் நிலையும் வேறல்ல. கிராமப் பாடசாலையின் ஐந்தாம் வகுப்புடன் அவர்களது கல்வி முடிந்துவிடும். அதன் பின்னர் வயல், அல்லது கடை.

கல்வி அமைச்சர் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா 1945 அக்டோபரில் இலவசக் கல்வியை நடைமுறைப்படுத்தினார். அதனுடன் இணைந்ததே மத்திய பாடசாலைத் திட்டம். ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் பரீட்சை. தேறிய ஏழைப் பிள்ளைகளுக்கு விடுதி, உணவு, ஆய்வுகூட வசதியுடன் உயர்கல்வி. அதுவும் நகரத்தில் அன்று, கிராமப்புறத்தில். நாடெங்கும் 54 மத்திய பாடசாலைகள் அமைந்தன. அவற்றுள் ஒன்றைத் தம் பகுதிக்குப் பெற்றுத்தந்தவர் நல்லையா. 1946 இல் வந்தாறுமூலை மத்திய கல்லூரி பிறந்தது. நகரத்துக்கு அண்மையில் அன்றி, செங்கலடிக்கு அப்பால் அது அமைந்ததே அதன் பெருமை. வாவியின் மேற்கிலும் வடக்கிலும் இருந்த கிராமங்களின் பிள்ளைகள் முதன்முறையாக விஞ்ஞான ஆய்வுகூடத்துக்குள் நுழைந்தனர். தமிழ், முஸ்லிம் மாணவர்கள் ஒரே வகுப்பில் அமர்ந்தனர். அவ்விடுதியிலிருந்து புறப்பட்டவர்கள் ஆசிரியர்களாயினர். தத்தம் கிராமங்களுக்குத் திரும்பி அடுத்த தலைமுறையைப் படிப்பித்தனர். கிழக்கின் கல்வி வரலாற்றை எழுத முற்படும் எவரும் இந்தச் சங்கிலியைத் தொடர்ந்தே செல்ல வேண்டியிருக்கும்.

வாழைச்சேனைக் கடதாசி ஆலை அதே தொகுதியில் 1950களில் எழுந்தது. அது பல ஆயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது, பின்னர் நலிந்தது. கல்லூரியோ வளர்ந்தது. 1981 ஆகஸ்ட் முதலாம் திகதி, மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி அந்தக் கட்டடங்களிலேயே தொடங்கப்பட்டது. விஞ்ஞானமும் விவசாயமும் முதற் பீடங்கள். 1986 அக்டோபரில் அது கிழக்குப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்தது. பாடசாலை வந்தாறுமூலையிலேயே வேறிடத்துக்கு மாறிற்று.

அடுத்த ஆண்டு நவம்பரில் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் நிறைவேறியது. தமிழும் உத்தியோகபூர்வ மொழியாதல் வேண்டும் என்னும் வாசகம் அதில் இடம்பெற்றது. அப்போது சனாதிபதியாக இருந்தவர் ஜே.ஆர். ஜயவர்தனா. நல்லையாவின் திருத்தத்தை அவர் ஏற்று நாற்பத்து மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன. இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்த உயிரிழப்புகளையும் இடப்பெயர்வுகளையும் இங்கு விவரிக்கத் தேவையில்லை. வாசகர் பலர் அவற்றினூடாக வாழ்ந்தவர்களே.

அவை அத்துடன் முடியவுமில்லை. 1990 ஆகஸ்ட் மாதத்தில், செங்கலடிக்கு அண்டையிலுள்ள ஏறாவூரில் முஸ்லிம்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் இரவில் கொல்லப்பட்டனர். சில வாரங்களில், செப்டெம்பர் 5 ஆம் திகதி, பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர் 158 பேர் இராணுவத்தினரால் கொண்டு செல்லப்பட்டுத் திரும்பவில்லை. இரண்டு இடங்களுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு சைக்கிள் ஓட்டமே. நல்லையா ஒரே தொகுதியின் மக்களாகக் கண்டு வாக்குக் கேட்ட, ஒரே பாடசாலை விடுதியில் பிள்ளைகளைச் சேர்த்த இரு சமூகங்கள் அவை.

வளாகம் மீண்டும் திறக்கப்பட்டது. தமிழ், முஸ்லிம் மாணவரோடு தெற்கிலிருந்து வரும் சிங்கள மாணவரும் இன்று அங்கு படிக்கின்றனர். செங்கலடிச் சந்தியின் பெயர்ப்பலகையில் மூன்று மொழிகளும் உள்ளன. சந்தியைக் கடந்து கச்சேரிக்கோ பொலிஸ் நிலையத்துக்கோ செல்லும் தமிழ் பேசும் ஒருவருக்குச் சிங்களத்தில் மட்டும் அச்சிட்ட படிவமோ கடிதமோ கையளிக்கப்படுவது மட்டும் இன்னும் முற்றாக நிற்கவில்லை.